மஞ்சு தங்கத்தின் ஒற்றுப்பிழைகள்

பெரம்பலூர் துறைமங்கலத்தில் புலவர் செல்லமுத்து தன் மகளுக்குத் தமிழ்மொழி என்று பெயர் வைத்தார். அந்தப் பெண் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்கில் தொண்ணூற்றாறு மார்க் வாங்கினாள். தமிழில் ஐம்பத்தெட்டு. புலவர் மார்க் பட்டியலை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். பிறகு மனைவி ராசாத்தியைக் கூப்பிட்டு, "பேரை மாத்திடலாமா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

வருத்தத்துக்குக் காரணம் இருந்தது. அது எழுதுகிற குடும்பம். புலவரின் தகப்பனார் ஊர் அம்மன் மேல் நூறு வெண்பா பாடியவர். புலவர் அரசுப் பள்ளியில் முப்பத்து மூன்று வருஷம் தமிழாசிரியர், மூன்று மரபுக் கவிதை நூல்களின் ஆசிரியர். மகன் முத்தமிழ் கல்லூரிக்குப் போனதும் புதுக்கவிதைப் பக்கம் சாய்ந்துவிட்டான். ஒரு வரிக்கு ஒரு சொல்தான் வைப்பான். "இது கவிதையா, மளிகைச் சீட்டா?" என்று அப்பா கேட்டார். "ஓசைய எடுத்துட்டு உங்க வெண்பாவப் படிச்சுக் காட்டுங்க, உள்ள என்ன மிச்சம் இருக்குன்னு பாப்போம்" என்றான் மகன். அதோடு இருவருக்கும் நான்கு மாதம் பேச்சில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, திருச்சியிலிருந்து வந்த ஒரு சிற்றிதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவரையொருவர் மறுத்து எழுதிக்கொண்டார்கள். இதழ் வந்ததும் ராசாத்திதான் முதலில் பிரித்துப் பார்ப்பாள். சாப்பாடு போடும்போது, "தம்பி உங்களத் திட்டிருக்கான், முப்பத்திரண்டாம் பக்கம்" என்று தகவல் சொல்வாள்.

தமிழ்மொழியும் ஒரு தடவை எழுதிப் பார்த்தாள். அப்போது வயது பதினொன்று. அவர்கள் தெரு நாய்க்கு மழை பிடிக்காது, மழை வந்தால் அது பால்காரர் சைக்கிளுக்குக் கீழே போய் நின்றுகொள்ளும். இதுதான் விஷயம். நான்கு வரி எழுதி அப்பாவிடம் காட்டினாள். அப்பா மகிழ்ந்துபோய், நாயை ஞமலி ஆக்கினார். தளை தட்டிய இடங்களைச் சரிசெய்தார். அண்ணன் வாங்கிப் பார்த்து, சைக்கிள் தேவையில்லை என்று அதை அடித்துவிட்டான். திருத்திய கவிதைக்கு மாவட்ட அளவில் முதல் பரிசு கிடைத்தது. மேடையில் ஏறி "ஞமலி" என்று சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்து, மேலே வாசிக்க முடியாமல் இறங்கிவிட்டாள்.

"அந்தக் கவிதையில என்னோடது மழை மட்டுந்தான். அதையும் எங்கப்பா மாரின்னு மாத்திட்டாரு" என்று இப்போது சொல்லிச் சிரிப்பாள். அப்போது சிரிக்கவில்லை. எழுதுவது அப்பாவுக்கும் அண்ணனுக்கும் உரிய வேலை என்று முடிவு கட்டி, நோட்டை மூடிவிட்டுக் கணக்குப் பக்கம் போனாள். பி.எஸ்சி. முடித்தாள். தட்டச்சு பாஸ் செய்தாள்.

மாப்பிள்ளை பார்க்க வந்தபோது புலவர் தங்கராசுவிடம் கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி என்ன வாசிப்பீங்க?"

தங்கராசு ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலையின் பேக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவர். யோசித்துவிட்டு, "மீட்டர் ரீடிங் பாப்பேங்க சார்" என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற தமிழ்மொழிக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போயிற்று. வீட்டுக்குள் புத்தகம் எழுதாத ஓர் ஆண்பிள்ளை! கல்யாணத் தாம்பூலப் பையில் தேங்காயோடு புலவரின் வெண்பா நூலும் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பலர் அதைப் பஞ்சாங்கம் என்று நினைத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆலத்தியூருக்குப் போனவள், நந்தினி என்றொரு மகளைப் பெற்று, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அரியலூரில் வேலைக்குச் சேர்ந்தாள். பத்திர எழுத்தர் சசிகலாவின் ஆபீஸ். சசிகலா சொல்லச் சொல்லக் கிரயப் பத்திரம், தானப் பத்திரம், பாகப் பிரிவினை என்று தட்டிக் கொடுக்க வேண்டும். கிழக்கே இன்னார் நிலம், மேற்கே வண்டிப்பாதை, வடக்கே ஓடை, தெற்கே இன்னார் மனை, இந்த நான்கெல்லைக்குள் அடங்கிய சொத்து என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தட்டுவாள். அவளுக்கு அந்த நடை பிடித்திருந்தது. எந்த இடத்திலும் தளை தட்டுகிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஊரடங்கு வந்தது. ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. எல்லோரையும் போல அவளும் செல்போனில் தொடர்கதை படிக்க ஆரம்பித்தாள். ஒரு கதையில் மிகவும் மூழ்கிப்போனாள். நாற்பத்திரண்டாவது அத்தியாயத்தில் கதாநாயகனின் ஜீப் பாலத்திலிருந்து வெள்ளாற்றுக்குள் விழுந்தது. அதோடு எழுத்தாளரைக் காணோம். ஒரு வாரம் பார்த்தாள். பத்து நாள் பார்த்தாள். பன்னிரண்டாம் நாள் மொட்டைமாடியில் வடகம் பிழிந்து வைத்துவிட்டு, காக்கை விரட்ட உட்கார்ந்திருந்தபோது பொறுமை போய்விட்டது. கதைக்குக் கீழே கருத்துச் சொல்லும் இடத்தில் அவளே மிச்சத்தை எழுதிவிட்டாள்.

"இது மே மாதம். மே மாதத்தில் வெள்ளாற்றில் தண்ணீர் ஏது? ஜீப் மணலில்தான் விழுந்தது. அவன் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு கரையேறி, முதல் வேலையாக அவள் வீட்டுக்குப் போனான்" என்று தொடங்கி, நாலு பக்க அளவில் எழுதி, கல்யாணம் வரை கொண்டுபோய் முடித்தாள். முடிப்பதற்குள் காக்கைகள் வடகத்தில் பாதியைத் தின்றிருந்தன.

சாயங்காலத்துக்குள் அறுநூறு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். "நீங்க யாருக்கா?" "தனியா ஒரு கதை எழுதுங்களேன்." "தண்ணி இல்லன்னு எனக்கும் அப்பவே தோணுச்சு." தமிழ்மொழி செல்போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குள் இரண்டு சுற்று நடந்தாள். திரும்ப எடுத்துப் பார்த்தபோது அறுநூற்று நாற்பது ஆகியிருந்தது. தங்கராசு வேலை முடிந்து வந்ததும் காட்டினாள். அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஆமா, மே மாசம் மணலுதானே" என்றார். அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் விமர்சனம் அது.

தமிழ்மொழி என்ற பெயரில் எழுத அவளுக்குத் துணிச்சல் இல்லை. மஞ்சு தங்கம் என்று வைத்துக்கொண்டாள். தங்கம், வீட்டுக்காரர் பெயரிலிருந்து வந்தது. மஞ்சு, வாய்க்கு வந்தது. கதைக்குப் பெயர் 'நான்கெல்லைக்குள் நீ'. கதாநாயகி வளர்மதி ஒரு சர்வேயர். கதாநாயகன் சக்தி, அவள் அளக்க வருகிற நிலத்தின் சொந்தக்காரன். இரவோடு இரவாக யாரோ எல்லைக்கல்லைப் பிடுங்கிவிடுகிறார்கள். பிடுங்கியது சக்திதான் என்று வளர்மதி நினைக்கிறாள். வளர்மதியின் ஆட்கள் என்று சக்தி நினைக்கிறான். இப்படியே இருவரும் சண்டை போட்டுச் சண்டை போட்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க முடியாத நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

எழுதும்போது பத்திர நடை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. வளர்மதியின் மனசை அவள் இப்படி எழுதினாள்: "கிழக்கே அம்மாவின் கண்ணீர், மேற்கே எட்டு மணி பஸ், வடக்கே ஊர்வாய், தெற்கே சக்தியின் மோட்டார் சைக்கிள் நிற்கும் புளியமரம். இந்த நான்கெல்லைக்குள் அடங்கியது அவள் மனசு. இதில் வழிநடைப் பாத்தியம் யாருக்கும் கிடையாது." இந்த வரிகளைப் பெண்கள் ஸ்டேட்டஸில் வைத்தார்கள். அதில் ஓர் அம்மா, வீட்டுக்காரரோடு சண்டை போட்ட அன்று வைத்ததாகவும், அவர் உடனே டிபன் வாங்கி வந்துவிட்டதாகவும் எழுதியிருந்தாள்.

ஊரடங்கு முடிந்து ஆபீஸ் திறந்தபின் பஸ்ஸில்தான் எழுத நேரம் கிடைத்தது. ஆலத்தியூரிலிருந்து அரியலூர் போய்ச் சேருவதற்குள் ஓர் அத்தியாயம். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக முன்னால் போனால் அத்தியாயம் நீளும். சாலை காலியாக இருந்தால் குறுகும். பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பியதும், சக்தி பேசிக்கொண்டிருந்தாலும் சரி, வளர்மதி கை ஓங்கியிருந்தாலும் சரி, 'தொடரும்' போட்டுவிட்டு இறங்கிவிடுவாள். எதிர்பார்ப்பை எப்படி உருவாக்குவது என்று இவரிடம் கற்க வேண்டும் என்று வாசகர்கள் பாராட்டினார்கள்.

ஏழாவது அத்தியாயத்துக்குக் கீழே ஒரு புதிய பெயர் வந்தது. மெய்யெழுத்தன்.

"'அந்த பெண்' என்பது பிழை. 'அந்தப் பெண்' என்க. 'அந்த' என்னும் சுட்டின் பின் வல்லினம் மிகும். 'முயர்ச்சி' என்றொரு சொல் தமிழில் இல்லை. இவ்வத்தியாயத்தில் மட்டும் இருபத்தேழு பிழைகள். மேலும், மஞ்சு என்றால் மேகம். ஆசிரியைக்கு இது தெரியுமோ, தெரியாதோ."

பஸ்ஸில் நின்றபடி இதை அவள் இரண்டு தடவை படித்தாள். உலகத்தில் எத்தனையோ தமிழாசிரியர்கள் இருக்கலாம். 'என்க' என்று செல்போனில் தட்டக்கூடியவர் ஒருவர்தான். பணி ஓய்வுக்கு அண்ணன் வாங்கிக் கொடுத்த செல்போனில் அப்பா இதைத்தான் செய்துகொண்டிருக்கிறாரா? ஆபீஸுக்குள் போகாமல் வாசலிலேயே நின்று அம்மாவுக்கு போன் போட்டாள்.

"அம்மா, அப்பா கதை ஏதாச்சும் படிக்கிறாரா?"

"ஏன் கேக்குற? யாரோ மஞ்சுவாம். செவ்வாய்க்கெழமையும் வெள்ளிக்கெழமையும் அது வர வரைக்கும் சோறு எறங்க மாட்டேங்குது. சிவப்புப் பேனாவ வெச்சுக்கிட்டு நோட்டுல குறிச்சுக் குறிச்சுத் தள்ளுறாரு."

"அம்மா, அந்த மஞ்சு நான்தாம்மா."

ராசாத்தி சிரித்தாள். எத்தனை அடக்கியும் அடங்காமல், இருமி, மறுபடியும் சிரித்தாள். "அடியே மொழி! அவருகிட்ட மட்டும் சொல்லிப்புடாத. சொன்னா சொல்லிக் குடுக்க வந்துருவாரு. சரி, அந்தச் சக்தியோட அத்தைய ஒரு மாசம் ஆஸ்பத்திரில சேரு. அவ பேசுற பேச்சு எனக்குத் தாங்கல."

அத்தை அடுத்த வெள்ளிக்கிழமையே ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள்.

மெய்யெழுத்தனின் கருத்துகள் தவறாமல் வந்தன. இருபதாம் அத்தியாயத்தில் பிழைகள் பதினெட்டு. இருபத்தெட்டில் பதினொன்று. அவர் சொன்ன பிழைகளைத் தமிழ்மொழி ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டுதான் வந்தாள். 'முயர்ச்சி' மட்டும் கையைவிட்டுப் போகவில்லை. முப்பத்தொன்றாம் அத்தியாயத்துக்குக் கீழே அவர் எழுதினார்: "பிழைகள் ஒன்பது. அவை நிற்க. எல்லைக்கல்லைப் பிடுங்கியவன் சக்திதானா என்பதை ஆசிரியை விரைந்து தெரிவித்தல் நலம்." முப்பத்தாறில் இன்னும் மோசம்: "வளர்மதி தன் தந்தையின் பழைய சைக்கிளைத் துடைத்து வைக்கும் இடத்தில் கண்ணீர் வந்தது. பிழைகளை எண்ணவில்லை."

தமிழ்மொழி அந்த நாள் முழுக்கப் பத்திரங்களைப் பாட்டுப் பாடுகிற மாதிரி முணுமுணுத்துக்கொண்டே தட்டினாள். "மொழி, தானப் பத்திரத்துக்கு ஏன் இப்புடிச் சிரிக்கிற?" என்று சசிகலா கேட்டாள்.

மாட்டிக்கொண்டது அந்த வாரம்தான். லப்பைக்குடிக்காட்டிலிருந்து சுலைகா பீவி என்ற பெண் வந்திருந்தாள். கணவர் குவைத்தில் இருக்கிறார். அரியலூரில் ஒரு மனை வாங்குகிறாள். நகலைத் தட்டிக் கொடுத்துவிட்டுத் தமிழ்மொழி அடுத்த வேலையைப் பார்த்தாள். சுலைகா நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தாள். திடீரென்று எழுந்தாள்.

"அல்லாவே! சக்திக்கும் வளர்மதிக்கும் கல்யாணம் ஆயிடுச்சா?"

ஆபீஸில் இருந்த ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ்மொழி காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். கிரயம் வாங்குபவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'சக்தி அவர்களின் மனைவி வளர்மதி' என்று தட்டியிருந்தாள். அன்று காலை பஸ்ஸில் கல்யாணத்தைத்தான் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். இன்னும் எட்டு அத்தியாயம் கழித்து வர வேண்டிய கல்யாணம் அது.

"ஐயோ, மாத்தி அடிச்சுட்டேங்க, மன்னிச்சுக்கங்க..."

"நீங்களா? நீங்கதான் மஞ்சு தங்கமா?" சுலைகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒவ்வொரு அத்தியாயத்தையும் நான் வாய்விட்டுப் படிச்சு எங்க மச்சானுக்கு அனுப்புறேன். அவரு ரூம்ல எட்டுப் பேரு. எட்டுப் பேரும் டூட்டி முடிஞ்சு வந்து கேட்டுட்டுத்தான் சாப்புடுறாங்க. போன வாரம் சக்தி வளர்மதிய வையிற எடத்துல அதுல ஒருத்தரு கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாராம்!"

சசிகலா மேஜையிலிருந்து எழுந்து வந்தாள். "யாரு மஞ்சு? எந்த மஞ்சு? மொழி, நீ என்ன பண்ணி வெச்சிருக்க?"

சொல்லி முடிப்பதற்குள் அந்த ஆபீஸ் சந்தைக்கடை ஆகிவிட்டது. பாகப் பிரிவினைக்காக வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்த அண்ணன் தம்பி இருவரும், கல்லை யார் பிடுங்கியிருப்பார்கள் என்று தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். முடிவை யாருக்கும் சொல்வதில்லை என்று சுலைகா சத்தியம் செய்துகொடுத்தாள். "மச்சான்கிட்டகூடச் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு, இத புக்காப் போடணும். எங்க ஊருல நான் ஆள் சேக்குறேன்."

சொன்னபடியே செய்தாள். வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினாள். ஒரு மாதத்தில் அது நிரம்பி வழிந்து இரண்டாவது குழுவும் வந்தது. திருச்சிப் பதிப்பாளர் ஒருவர் தாமாகவே பேசினார். தொடர் முடிவதற்கு முன்பே புத்தகத்தைத் தயார் செய்து, பெரம்பலூர் புத்தகத் திருவிழாவில் வெளியிடலாம் என்றார். கடைசி அத்தியாயம் வந்த மறுநாள் வெளியீடு. தமிழ்மொழி தலைகால் புரியாமல் சரி சொன்னாள். நாலு நாள் கழித்து ராசாத்தி போன் செய்தாள்.

"மொழி, மோசம் போச்சு. மஞ்சு தங்கம் புக்கு வெளியீட்டுக்கு உங்கப்பாவத் தலைமை தாங்கக் கூப்புட்டுட்டாங்க. அவரு வேட்டியத் தேய்க்கக் குடுத்துட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்மொழி துறைமங்கலம் போய் இறங்கினாள். அப்பா முன்னறையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, மஞ்சு தங்கம் நான்தான்."

"எந்த மஞ்சு தங்கம்?"

"நீங்க பிழை எண்ணுற மஞ்சு தங்கம்."

"அது பெண்ணாடம் பக்கம் ஒரு டீச்சரம்மா" என்றார் புலவர், தலையைத் தூக்காமல். "நடைய வெச்சே நான் கண்டுபிடிச்சுட்டேன்."

அவள் செல்போனைத் திறந்து, இன்னும் வெளியாகாத அத்தியாயத்தை அவர் முன்னால் நீட்டினாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். நாலாவது வரியில் விரல் நின்றது. "முயர்ச்சி. நாலாம் வகுப்புலேருந்து சொல்றேன், வல்லின ற..." என்றவர் அப்படியே நிறுத்தினார். செல்போனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மறுபடியும் செல்போனைப் பார்த்தார்.

"மெய்யெழுத்தன் யாருன்னு உனக்குத் தெரியுமா?" என்று மெல்லக் கேட்டார்.

"மொத நாளே தெரியும்ப்பா."

"முப்பத்தாறாவது அத்தியாயத்துக்கு எழுதுனதும்...?"

"அதையும் படிச்சேன்."

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. ராசாத்தி சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். புலவர் முகம் சிவந்து, தொண்டையைச் செருமி, நோட்டை மூடி, மறுபடியும் திறந்தார்.

"சரி. அந்தக் கல்லைப் பிடுங்கினது யாரு?"

"வெள்ளிக்கெழமை வரும்ப்பா."

"பெத்த அப்பனுக்குக்கூடவா சொல்லக் கூடாது?"

"சொன்னா திருத்திடுவீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொன்ன பிறகு அறையில் சிரிப்பு இல்லை. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார். "அந்த ஞமலிய நான் தொட்டிருக்கக் கூடாது" என்றார். "நாய்னே இருந்திருக்கலாம். பால்காரன் சைக்கிள்தான் அதுல ரொம்ப நல்லா இருந்துச்சு."

இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய நான்கு வரி அவருக்கு ஞாபகம் இருந்தது. தமிழ்மொழிக்கு அழுகை வரும் போல இருந்தது. அதற்குள், "பிழை பிழைதான், அதை விட்டுக்குடுக்க முடியாது" என்று புலவர் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கடைசி அத்தியாயம் வந்தது. கல்லைப் பிடுங்கியது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அத்தைதான். மறுநாள் லப்பைக்குடிக்காட்டிலிருந்து இரண்டு வேன் நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். பந்தலில் நாற்காலி போதவில்லை. சுலைகா முன்வரிசையில் நின்று செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். திரைக்குள் குவைத் ரூமின் எட்டு முகங்கள்.

புலவர் மைக்கைப் பிடித்தார். "இந்நூலில் இருநூற்றுப் பதினான்கு ஒற்றுப்பிழைகள் உள்ளன" என்று தொடங்கினார்.

"இருந்துட்டுப் போவட்டும் சார்!" என்று கீழேயிருந்து ஒரு குரல். பந்தல் முழுக்கக் கைதட்டல். புலவர் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இருந்துவிட்டுப் போகட்டும்" என்று திருத்தமாகச் சொல்லிவிட்டுக் கதையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். கல்யாணம் நடக்கும் என்பது சுலைகாவுக்கு முன்பே தெரியும் என்று நடுவில் யாரோ சொல்லிவிட, பேச்சை நிறுத்திவிட்டு, "இது எனக்குத் தெரியாதே!" என்று மகளைப் பார்த்து மைக்கிலேயே முறைத்தார்.

அடுத்து முத்தமிழ் பேசினான். "இந்த வகை எழுத்து இலக்கியமா என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு" என்று அவன் சொல்லி நிறுத்தவும், அப்பாவின் பேச்சுக்குக் குவைத்தில் தட்டிய கைதட்டல் தாமதமாக வந்து சேர்ந்து, விசிலோடு வெடித்தது. முத்தமிழுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கையில் இருந்த தாளைக் கீழே வைத்தான். "உண்மையச் சொல்லிடுறேன். படிக்கும்போது மூணு எடத்துல எனக்குப் பொறாமையா இருந்துச்சு. எந்த எடம்னு வீட்டுல போயி தங்கச்சிகிட்ட மட்டும் சொல்றேன்" என்று உட்கார்ந்தான்.

கையெழுத்துக்கு வரிசை பந்தல் வாசல்வரை நின்றது. முதல் ஆள் சுலைகா. தமிழ்மொழி பெயரை எழுதினாள். பக்கத்தைப் புரட்டி அதற்கும் கீழே கையெழுத்துப் போட்டாள். அடுத்த பக்கத்துக்கும் போட்டாள். நான்காவது பக்கத்துக்கும் போட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தைத் திருப்பி 'சாட்சிகள்' என்று எழுதினாள். அப்போதுதான், இது பத்திரம் இல்லை, புத்தகம் என்று உறைத்தது. சுலைகா விடவில்லை. முதல் சாட்சியாகத் தானே கையெழுத்திட்டு, பேனாவைப் புலவரிடம் நீட்டினாள். அவர் தந்தை பெயர், ஊர், தேதி எல்லாம் முறையாக எழுதி இரண்டாவது சாட்சி ஆனார். வரிசையில் பின்னால் நின்றவர்களும் தங்களுக்கும் சாட்சி வேண்டும் என்றார்கள். பெரம்பலூர் புத்தகத் திருவிழாவில் புலவர் அன்று போட்ட கையெழுத்துகள், தம் மூன்று நூல்களுக்கும் சேர்த்துப் போட்டதைவிட அதிகம். மறுநாள் விரல் வீங்கிவிட்டது. அதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை.

அதற்குப் பிறகு மஞ்சு தங்கம் ஆறு நாவல்கள் எழுதிவிட்டாள். சசிகலாவிடம் இன்னும் வேலைக்குப் போகிறாள். காதல் காட்சி எழுதுகிற வாரங்களில் பெயர்களை மட்டும் சசிகலாவே தட்டிவிடுகிறாள். தங்கராசு இன்றைக்கும் படிப்பதில்லை. சுலைகா வாசித்து அனுப்புவதை இடைவேளையில் பேக்கிங் பிரிவு முழுக்கக் கேட்கிறது. "நாளைக்கு என்ன ஆவும்னு எங்கிட்ட கேக்குறாங்க, தெரியாதுன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான்" என்று அவர் குறைப்பட்டுக்கொள்வார். அப்பாதான் மெய்ப்பு பார்க்கிறார். ஒற்றைத் தொடலாம், சொல்லைத் தொடக் கூடாது என்பது ஒப்பந்தம். போன நாவலில் 'ஓடினாள்' என்பதை ஓரிடத்தில் 'விரைந்தேகினாள்' ஆக்கிப் பார்த்தார். அவள் அதைத் திரும்ப ஓட வைத்துவிட்டாள்.

எட்டாவது கதை வரதராஜன்பேட்டைப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் நடக்கிறது. முந்திரியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை தங்கராசுவின் பைக்கில் கிளம்பிப்போனாள். தோப்போரம் இருந்த ஒரு வீட்டு வாசலில், கண்ணகி என்ற நடுவயதுப் பெண் முந்திரிக்கொட்டைகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள். வந்தவர்களைப் பார்த்து, நிலம் வாங்க வந்தவர்களோ, பெண் பார்க்க வந்தவர்களோ என்று புரியாமல் விழித்தாள்.

தமிழ்மொழிக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. "அக்கா, நான் கதை எழுதுறவ. இந்தத் தோப்பு விஷயமா இங்க யாருக்குள்ளயாச்சும் சண்டை உண்டுங்களா?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான், ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்கக்கூடிய கேள்வியா இது என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். தங்கராசு பைக்கைத் திருப்பி நிறுத்தி, ஸ்டார்ட் செய்யத் தயாராக இருந்தார்.

கண்ணகி சாக்கைக் கீழே போட்டாள். முகம் மலர்ந்துவிட்டது. உள்ளேயிருந்து நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து போட்டு, முந்தானையால் துடைத்தாள்.

"மொதல்ல உக்காருங்க, டீ போடுறேன். சண்டைன்னா, எந்த வருசத்துச் சண்டை வேணும்?"